ஒரு சாண் கோட்டை

கல்யாண வரவேற்பில் ஐஸ்கிரீம் கவுண்டருக்கும் பீடா மேசைக்கும் நடுவே ஒரு வெள்ளை வேன் நிற்கும். ஜெனரேட்டர் வேன் என்று நினைத்துக்கொண்டு குழந்தைகள் அதன் பம்பரில் ஏறி விளையாடும். அந்த வேன் என்னுடையது. நிலாவைச் சுற்றி வளையம் போடுவது என் தொழில்.

என் அம்மா இன்றுவரை சொந்தக்காரர்களிடம் இதைச் சொன்னதில்லை. "தமயந்தி கல்யாண கான்ட்ராக்ட் எடுக்கிறா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். பெரம்பூரில் நிலாவுக்கு வளையம் போடுகிற பெண் என்று சொன்னால் வரன் வராது என்பது அவள் கவலை. எனக்கு முப்பத்தைந்து வயது. வரன் விஷயத்தில் நிலாவைக் குறை சொல்வது நியாயமில்லை என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

வேலை ஒன்றும் மாயமில்லை. பலூனில் நாற்பது கிலோ பொடியை ஒன்பது கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்புவோம். அங்கே காற்றில் இருக்கிற ஈரம் அந்தப் பொடியைப் பற்றிக்கொண்டு பனிப்படிகமாக உறையும். படிகங்கள் வழியே நிலா வெளிச்சம் வளைந்து வரும்போது கீழே நிற்பவர்களுக்கு வளையம் தெரியும். இயற்கை இதைச் சும்மாவே செய்கிறது. நாங்கள் முகூர்த்த நாள் பார்த்துச் செய்கிறோம்.

தூத்துக்குடியிலிருந்து பொன்னுலிங்கம் அண்ணாச்சி எங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் ஒரு மூட்டை இருந்தது. பழமாக இருக்கும் என்று நினைத்தேன். உப்பு. உப்புத் தொழிலாளர்கள் நூற்றுப் பதினொரு பேர் சேர்ந்து நடத்துகிற சங்கத்துக்கு அவர் தலைவர். ஐம்பத்தெட்டு வயது, வெயிலில் கறுத்த முகம், வெள்ளைச் சட்டை.

"மவளுக்குக் கல்யாணம் மேடம். ஆவணி பௌர்ணமிக்கு முந்தின நாள் வரவேற்பு. நிலாவுக்குக் கோட்டை கட்டணும்" என்றார்.

"கோட்டையா?"

"அந்த வட்டம். எங்க பக்கம் கோட்டைன்னுதான் சொல்லுவோம். இசக்கி சின்னப் பிள்ளையா இருக்கையில மடியில உக்காந்து கோட்டைக்குள்ள யாருப்பா இருக்கான்னு கேப்பா. நீதாம்மான்னு சொல்லுவேன். இப்ப அடுத்தவன் வீட்டுக்குப் போறா. சொன்ன சொல்லைக் காப்பாத்தணும்லா?"

அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. நான் இந்தத் தொழிலில் பார்த்த காரணங்களில் இதுதான் உருப்படியான காரணம். மற்றவர்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் செய்துவிட்டார் என்பதற்காக வருபவர்கள்.

"பெருசா, கையை நீட்டிப் பாத்தா ஒரு சாண் அளவுக்கு வரணும்" என்று அவர் கையை நீட்டி, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே விரித்துக் காட்டினார்.

"அது முடியாதுங்க அண்ணாச்சி. சாண் அளவு வளையம்னா வானத்துல ஏழெட்டு கிலோமீட்டர் அகலத்துக்குப் பொடி தூவணும். எங்க படிகத்தோட வடிவமே வேற. அதுல சின்ன வளையம்தான் வரும். கையை நீட்டி முஷ்டி மடக்கினா, நிலாவுக்கும் வளையத்துக்கும் நடுவுல ஒரு முஷ்டி. அதுவும் உங்க மண்டபத்துல நின்னு பாத்தாதான் வட்டமாத் தெரியும்."

"முஷ்டிதானா" என்று யோசித்தவர், "போட்டோல எவனுக்குத் தெரியப் போவுது" என்று ஒத்துக்கொண்டார்.

அவருடைய ஊரில் நிலா கோட்டை கட்டினால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. மறைக்கவில்லை. மூச்சு விடுவதைப் பற்றி யாராவது தனியாக எடுத்துச் சொல்வார்களா?

*

மண்டபம் திருச்செந்தூர் சாலையில் இருந்தது. அதன் பின்புறம் பெரிய திடல், திடலுக்கு அப்பால் சாலை, சாலைக்கு அப்பால் உப்புப் பாத்திகள். திடலில் மேடை போட்டு, எழுநூறு நாற்காலி போட்டு, ஒரு ஓரத்தில் பந்தி வைத்திருந்தார்கள். நிலா கடல் பக்கமிருந்து ஏறிக்கொண்டிருந்தது. வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

என் கூட்டாளி இர்ஃபான் மாலை ஆறு மணிக்கே பலூனை ஏற்றிவிட்டான். அது கடலுக்கு மேலே பதினோரு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்கவேண்டும். அப்போதுதான் திடலில் இருப்பவர் கண்ணுக்கு நிலா இருக்கிற திசையில் சரியாக விழும். எட்டேகாலுக்குப் பொடிப்பெட்டியின் மூடி தானாகத் திறக்கும்படி நேரம் குறித்துவிட்டு நான் ஐஸ்கிரீம் வாங்கப் போனேன்.

போகும் முன் ஒரு காரியம் செய்தேன். வேனிலிருந்து பலூனை இயக்குகிற எங்கள் கருவிக்கு வாய் அதிகம். காற்று அசைந்தால் சொல்லும், பேட்டரி இறங்கினால் சொல்லும், சும்மா இருந்தாலும் சும்மா இருப்பதாகச் சொல்லும். போன வாரம் மதுரையில் மணமக்களுக்குப் பெரியவர்கள் ஆசி சொல்லிக்கொண்டிருந்தபோது "இணைப்பு நிலையாக இல்லை" என்று வேனிலிருந்து கத்தியது. பெண்ணின் அத்தை என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஆகவே கருவியின் குரலை அடைத்துவிட்டேன். சிவப்பு விளக்கு மட்டும் எரியும்படி வைத்தேன். அந்த விளக்கைப் பார்க்க ஆள் வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது.

மணி எட்டு ஐந்து இருக்கும். பாதி ஐஸ்கிரீம் முடிந்திருந்தது. பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏட்டி, கோட்டை கட்டியாச்சுட்டி."

நிமிர்ந்து பார்த்தேன். நிலாவைச் சுற்றி வளையம் விழுந்திருந்தது. வெள்ளையாக, உள்விளிம்பில் மெல்லிய சிவப்போடு, அழகான வளையம். கால் மணி நேரம் முந்திவிட்டதே என்று ஒரு கணம் நினைத்தேன். கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்து, கொஞ்சம் நிமிர்ந்தும் நின்றேன்.

யாரும் கைதட்டவில்லை. நாற்காலிகள் சரசரவென்று நகர்ந்தன. பட்டுப் புடவைகள் முழங்காலுக்கு மேல் ஏறின. பந்தியில் இருந்தவர்கள் சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின. மேடையில் மாலையோடு நின்ற மணப்பெண் இசக்கி மாலையைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து குதித்தாள். நான்கு நிமிடத்தில் திடல் காலி. மதுரையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், சமையல்காரர்கள், கீபோர்டு வாசிப்பவர், நான், இவ்வளவு பேர்தான் மிச்சம்.

திடல் காலியாவதற்குள், எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் கையைப் பிடித்தேன். அவர் பெயர் செல்லக்கனி என்றும், பாத்தியில் பெண்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி என்றும் பிறகு தெரிந்தது. ஐம்பது வயதுக்கு அவர் ஓட்டம் அதிகம்.

"ஏன் எல்லாரும் ஓடுறீங்க?"

"கண்ணு தெரியலையா? கோட்டை கட்டியிருக்கு பாரும். நாளைக்குள்ள மழை வரும். தட்டுமேட்டுல அம்பாரம் அம்பாரமா உப்பு திறந்து கெடக்கு. பங்குனியில இருந்து வாரிச் சேத்தது. ஒரு மழைக்குத் தாங்குமா? கையை விடும்."

"செயலியில ரெண்டு நாளைக்கு வெயில்னு போட்டிருக்கே."

"அது மாவட்டத்துக்குப் பாக்கும். எங்க பாத்திக்குப் பாக்குமா?"

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓடி மேடையேறி மைக்கைப் பிடித்தேன். மண்டபத்துக் குழாய் ஸ்பீக்கர்கள் சாலைவரை கேட்கும்.

"யாரும் போகாதீங்க. திரும்பி வாங்க. இது மழைக் கோட்டை இல்ல. அண்ணாச்சி ஆர்டர் குடுத்த கோட்டை. நான்தான் போட்டேன்."

சாலையில் வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் ஒரு சிரிப்பு கேட்டது, பிறகு சாலை முழுக்கச் சிரிப்பு. கூட்டத்தின் முன்வரிசையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எல்லாருக்கும் முந்தி ஓடிக்கொண்டிருந்தவர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி.

"ஆர்டர் குடுத்தவரே ஓடினா நாங்க என்ன செய்ய?" என்று யாரோ கேட்டார்.

"மறந்துபோச்சுல. கால் தானாப் போயிட்டு" என்றார் அண்ணாச்சி. அதற்கு இன்னும் சிரித்தார்கள்.

எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பந்தி மறுபடி ஆரம்பித்தது. இசக்கி மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அண்ணாச்சி மேடையேறி, "நிலாவுக்கே கோட்டை கட்டுன பிள்ளை" என்று சொல்லி, யாருக்கோ வாங்கி வைத்திருந்த பொன்னாடையை எனக்குப் போர்த்தினார். எழுநூறு பேர் கைதட்டினார்கள். கல்யாண மேடையில் என்னை யாரும் இதுவரை ஏற்றியதில்லை. எனக்கு ஆனந்தமாக இருந்தது.

கீழே இறங்கும்போது செல்லக்கனி வழிமறித்தார். "இம்புட்டு பெருசாவா போடுவிய? அண்ணாச்சி சின்னதுன்னுல்லா சொன்னாரு."

நான் நிலாவைப் பார்த்தேன். பெரிதாகத்தான் இருந்தது. எனக்கும் உள்ளே லேசாக உறுத்தியது. ஆனால் தோளில் பொன்னாடை இருந்தது. "இன்னைக்கு நல்லா அமைஞ்சிருச்சும்மா" என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போனேன்.

*

வேன் கதவைத் திறந்ததும் சிவப்பு விளக்கு கண்ணில் அடித்தது. திரையில் ஒரே வரி இருந்தது: மேலே ஏற்கெனவே பனி இருக்கிறது, வெளியிடவில்லை. அதன் கீழே பொடியின் எடை. நாற்பது கிலோ. ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

கருவி பலமுறை சொல்லியிருக்கிறது. நான்தான் வாயை அடைத்திருந்தேன்.

வெளியே வந்தேன். கையை நீட்டி, முஷ்டியை மடக்கி நிலாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். வளையம் இன்னும் எங்கோ தள்ளி நின்றது. விரல்களை விரித்தேன். கட்டைவிரல் நிலாவில், சுண்டுவிரல் வளையத்தில். சரியாக ஒரு சாண்.

இர்ஃபான் பீடா மென்றுகொண்டு வந்தான். திரையைப் படித்தான். என் தோளைப் பார்த்தான்.

"அப்போ இது நம்மளது இல்ல."

"இல்ல."

"இந்த ஊர்க்காரங்க ஓடினது சரி."

"சரிதான்."

"யாருக்கும் தெரியாதுல்ல?" என்றான். அவன் கெட்டவன் இல்லை. வேலை முடிந்து, எல்லாரும் சந்தோஷமாக இருக்கும்போது எவனும் கேட்கிற கேள்விதான். நானும் அதையே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மழை வராமலே போகலாம். கோட்டை கட்டினால் ஒவ்வொரு முறையும் மழை வருவதில்லை. நாளை காலை முகூர்த்தம் முடிந்து நாங்கள் சென்னைக்குப் போய்விடுவோம்.

ஆனால் அவர்கள் தானாக ஓடியிருப்பார்கள். மைக்கைப் பிடித்துத் திரும்பக் கூப்பிட்டது நான். நூற்றுப் பதினொரு குடும்பத்து உப்பு இந்நேரம் பாதி மூடியிருக்கும். நான் அவர்களை உட்காரவைத்துப் பாயசம் குடிக்கவைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுபடி மேடையேறி மைக்கைப் பிடித்தேன்.

"ஒரு தப்பு நடந்துபோச்சு. இந்தக் கோட்டையை நான் போடலை. என் பலூன் திறக்கவே இல்ல. இது நிஜக் கோட்டை. தயவுசெஞ்சு எல்லாரும் போய் உப்பை மூடுங்க."

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான், திடலே சிரித்தது. அண்ணாச்சியை இன்னொரு தடவை ஓடவைத்துப் பார்க்க நான் விளையாடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சியே "போதும் மேடம், ஒரு தடவை ஓடியாச்சு" என்று கும்பிட்டார்.

"சத்தியமா சொல்றேன்" என்றேன்.

செல்லக்கனி எழுந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இப்பதான் நான் போட்டேன்னு சொன்ன. இப்ப போடலைங்கிற. எதைப் பிள்ள நாங்க நம்ப? உன் பேச்சையா, நிலாவையா? இத்தனை வருசம் நிலா ஒண்ணு சொன்னா சொன்னதுதான். இப்ப அதுக்கும் சாட்சி தேட வச்சிட்டிய."

இந்தத் தொழிலில் இறங்கி ஆறு வருடத்தில் நான் ஒரு பொருளை விற்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றைக் கெடுக்கிறேன் என்று யோசித்ததே இல்லை.

"வேற ஊர்ல யாருக்காவது போன் போட்டுக் கேளுங்க. என்னோடதா இருந்தா அங்கே தெரியாது" என்றேன்.

செல்லக்கனி திருச்செந்தூரில் இருக்கிற தங்கச்சிக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டுச் சொன்னார்: "அங்கயும் இருக்காம்."

"பாத்தீங்களா?"

"அங்கயும் எவனாவது கல்யாணம் வச்சிருப்பான்."

கூட்டம் மறுபடி சிரித்தது. ஆவணி முகூர்த்தம். அவர் சொன்னதில் தப்பில்லை. என் தொழிலில் மட்டும் அன்றைக்குத் தமிழ்நாட்டில் முப்பது வேன்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அப்போது மேடையில் எனக்குப் பின்னாலிருந்து இசக்கி கேட்டாள். "உங்களோடது எப்படி இருக்கும்? அதை இப்ப விட முடியுமா?"

அவள் சங்கத்தில் உப்புத் தரம் பார்க்கிற வேலையில் இருந்தாள். ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கிற பழக்கம் அதனால் வந்ததாக இருக்கும். எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது அவளுக்குத் தோன்றியது.

வேனுக்கு ஓடினேன். இர்ஃபான் கருவிக்கு முன் நின்று தலையை ஆட்டினான்.

"மேலே பனி இருக்கும்போது கையால திறந்தா லைசென்ஸ் போயிடும். நிஜ மேகத்துல கை வைக்கக் கூடாதுன்னு முதல் பக்கத்துலயே போட்டிருக்கான்."

"தெரியும்."

"விட்டா ரெண்டும் கலங்கிப் போனாலும் போகும். அப்புறம் எந்த வளையமும் இருக்காது. இவங்க இன்னும் நம்ப மாட்டாங்க."

"அதுவும் தெரியும். பாதிப் பொடி போதும். நகரு."

கருவி மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் ஆமாம் என்று அழுத்தினேன். திரையில் எடை குறைய ஆரம்பித்தது. முப்பத்தெட்டு, முப்பத்தைந்து, முப்பது. இருபதில் மூடினேன்.

படிகம் உறைய ஆறு நிமிடம் ஆகும். மைக்கில் சொன்னேன். "என் கோட்டை ஆறு நிமிஷத்துல வரும். சின்னதா இருக்கும். எல்லாரும் கையை நீட்டி வச்சுக்கோங்க. முஷ்டி அளவு என்னோடது. சாண் அளவு மழையோடது."

ஆறு நிமிடம் என்பது பேச எதுவும் இல்லாதபோது மிக நீளம். கீபோர்டுக்காரர் பாவப்பட்டு மெதுவாக ஏதோ வாசித்தார். பாயசக் கோப்பையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையை நீட்டியபடி சிலர் நின்றார்கள். மாப்பிள்ளை அருள்ஜோதி மட்டும் மேடையில் உட்கார்ந்து தன் கல்யாணம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாவது நிமிடம் எதுவும் இல்லை. ஆறாவது நிமிடமும் இல்லை. பெரிய வளையத்தின் ஒரு பக்கம் லேசாகக் கலங்குவதுபோல் இருந்தது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"உள்ளுக்குள்ள பாருங்க" என்றாள் இசக்கி.

பெரிய வளையத்துக்குள்ளே, நிலாவை ஒட்டி, பால் கோடு கிழித்த மாதிரி சின்ன வளையம் ஒன்று மெதுவாகக் கூடிக்கொண்டிருந்தது. முதலில் அரைவட்டம், பிறகு முழுவட்டம். இரண்டு கோட்டை, ஒன்றுக்குள் ஒன்று. ஆறு வருடத்தில் நான் போட்ட வளையங்களில் அதுதான் மிக அழகானது.

இசக்கி மணமேடையில் நின்று, வளையல்கள் சரிய, கையை நீட்டினாள். முஷ்டியை மடக்கினாள். சின்ன வளையம் சரியாக அதன் விளிம்பில் நின்றது. விரல்களை விரித்தாள். சுண்டுவிரல் பெரிய வளையத்தைத் தொட்டது. திடலில் எழுநூறு பேரும் அதையே செய்தார்கள். ஒரே நேரத்தில் எழுநூறு கைகள் நிலாவை நோக்கி நீண்டு, மடங்கி, விரிந்தன.

செல்லக்கனி தன் கையை இரண்டு தடவை அளந்து பார்த்தார். பிறகு திரும்பி, "என்ன பாத்துட்டு நிக்கிய? வாங்கட்டி" என்றார்.

மறுபடி நாற்காலிகள் நகர்ந்தன. இந்த முறை அண்ணாச்சி இரண்டாவதாகத்தான் ஓடினார். முதலில் ஓடியது இசக்கி. மாலையைக் கழற்றி அருள்ஜோதியிடம் நீட்டினாள். அவன் அதை வாங்கி நாற்காலியில் வைத்தான்.

"நானும் வரணுமா?" என்று கேட்டான்.

"காலையில தாலி கட்டப் போறீய. வராம?" என்றாள் அவள்.

மதுரைக்காரர்கள் மொத்தப்பேரும் எழுந்து பின்னால் போனார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா மட்டும் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். சொன்னபடி வந்தார்.

*

உப்பளத்தில் நிலா வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரியும். பாத்திகளுக்கு நடுவே தட்டுமேடு என்கிற உயரமான மண்மேடுகள், அவற்றின் மேல் வரிசையாக உப்புக் குவியல்கள். எங்களுக்கு வேலை எளிது. தார்ப்பாயை இருவர் இழுத்துப் பிடிக்க, இருவர் கயிறு கட்ட, ஓரத்தில் கல் வைக்க வேண்டும். எளிது என்று சொன்னேனே தவிர, பத்தாவது குவியலில் என் உள்ளங்கை இரண்டும் எரிந்தன. அங்கே வருடம் முழுக்க அந்த எரிச்சலோடு வேலை பார்க்கிறவர்கள் கல்யாண வீட்டுக் கதை பேசிக்கொண்டே கட்டினார்கள். அண்ணாச்சியின் முதல் ஓட்டத்தை மூன்று பேர் நடித்துக் காட்டினார்கள்.

கடைசி அம்பாரத்துக்குத் தார்ப்பாய் ஒரு மூலையில் எட்டவில்லை. கயிறும் தீர்ந்திருந்தது. செல்லக்கனி சுற்றிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நேராக வந்து என் தோளிலிருந்து பொன்னாடையை உருவினார். இரண்டாக மடித்து முறுக்கி, மூலையைக் கல்லோடு சேர்த்துக் கட்டினார். அது என் தோளிலிருந்து இறங்கியதே நிம்மதியாக இருந்தது.

காலை ஏழு மணி முகூர்த்தம். அருள்ஜோதி தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்துத் தகரக் கூரையில் சடசடவென்று அடித்தது. கெட்டிமேளம் எது, மழை எது என்று தெரியவில்லை. இரண்டாவது முடிச்சு போடும்போது பாதி மண்டபம் வாசலுக்குப் போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றது. முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. அண்ணாச்சி அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். மகளுக்காகவா உப்புக்காகவா என்று நான் கேட்கவில்லை.

நாங்கள் வேனைக் கிளப்பும்போது செல்லக்கனி வந்தார். கையில் பொன்னாடை இருந்தது. மழையில் நனைந்து காய்ந்து, ஜரிகை கறுத்து, உப்பேறி அட்டை மாதிரி விறைத்திருந்தது.

"நேத்து சும்மா போட்டாவ. இப்ப போட்டுக்க" என்று என் தோளில் வைத்தார்.

கழுத்தெல்லாம் குத்தியது. கோவில்பட்டி தாண்டும்வரை நான் அதை எடுக்கவில்லை.

*

வான்காட்சி வாரியம் என் உரிமத்தை ஆறு மாதம் முடக்கியது. விசாரணையில் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். உப்புச் சங்கத்திலிருந்து நூற்றுப் பதினொரு கையெழுத்துப் போட்டு எனக்காக ஒரு மனு வந்திருந்தது. அதைப் படித்துவிட்டு ஆறு மாதத்தை ஐந்தாகக் குறைத்தார்கள். வளையம் போடும் முன் சுற்றுவட்டார ஊர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று புது விதியும் போட்டார்கள். அந்த ஐந்து மாதத்தில் அம்மா இரண்டு வரன் பார்த்தாள். இரண்டும் கூடிவரவில்லை, அது வேறு கதை.

அடுத்த ஆவணியில் தூத்துக்குடியிலிருந்தே அழைப்பு வந்தது. வேறு குடும்பம், வேறு மண்டபம், உப்பளத்துக்கு மறுபக்கம். எனக்கு அங்கே யாரையும் தெரியாது. இந்த முறை கருவியின் வாயைத் திறந்தே வைத்திருந்தேன். நேரம் சரியாக எட்டேகால். மூடி திறந்தது, பொடி இறங்கியது. "வெளியீடு முடிந்தது" என்று பாட்டுக் கச்சேரிக்கு நடுவே கத்தியது. பெண்ணின் அத்தை என்னை முறைத்தார். பரவாயில்லை.

ஆறு நிமிடத்தில் வளையம் கூடியது. யாரோ "கோட்டை" என்றார்கள். பாட்டு நின்றது. பந்தியில் இருந்தவர்கள் இடக்கையை, மற்றவர்கள் வலக்கையை, மணமேடையில் மணமக்கள் ஒருவர் கைமேல் ஒருவர் கையை வைத்து, எல்லாரும் நிலாவை நோக்கி நீட்டினார்கள். போட்டோகிராபர் அதற்கென்றே ஏணி கொண்டுவந்து நின்றிருந்தார். புரோகிதர்கூட நீட்டினார்.

நான் வேனருகே வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்து, பக்கத்தில் நின்ற பட்டுச் சட்டைக்காரர் அன்பாக விளக்கினார்.

"வெளியூரா மேடம்? எங்க பக்கத்துச் சம்பிரதாயம் இது. கோட்டை கட்டினா முதல்ல கையை நீட்டி அளக்கணும். அதுக்கப்புறம்தான் எதுவும். காலங்காலமா உள்ளது."

"எவ்வளவு காலமா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ராசா காலத்துல இருந்தே உண்டு" என்றார். "நீங்களும் நீட்டுங்க. நீட்டாம இருந்தா ஆகாது."

நானும் கையை நீட்டி, முஷ்டியை மடக்கினேன். சரியாக ஒரு முஷ்டி.

"முஷ்டிதான்" என்றேன்.

"முஷ்டிதான்ல" என்று அவர் திடலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். எல்லாரும் கையை இறக்கிவிட்டு, உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.